ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே

அருள்,

பிறர் நம்மைப் பற்றிப் பேசிக்கொள்வதை அவர்களுக்குத் தெரியாமல் நாம் கேட்கிறோம். அதை எந்த இடம் வரைக்கும் அக்கறை என்று சொல்லலாம், எந்த இடத்திலிருந்து ஒட்டுக்கேட்பது என்று சொல்ல வேண்டும்? நீ பெங்களூருக்குக் கிளம்பிப் போன மூன்று வாரமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் உன்னை வழியனுப்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நான் பதில் தெரிந்தவள் போலத்தான் பேசினேன். ஓட்டல்களைப் பற்றியும் ஷாம்பூக்களைப் பற்றியும் இன்டர்நெட்டில் யார் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தேடித் திரட்டி, அந்தந்தக் கம்பெனியிடம் கொடுக்கும் வேலை என்று நீ உன் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். நான் நடுவில் புகுந்து, "அடுத்தவன் பேசுறத ஒட்டுக் கேக்க ஒரு கம்பெனி, அதுல உனக்கு ஒரு சம்பளம். இதுக்குத்தான் எம்.சி.ஏ. படிச்சியா?" என்றேன். நீ கோபப்படவில்லை. "ஒட்டுக் கேக்கலம்மா. அவங்க ஊருக்கே கேக்குற மாதிரிதான் கத்துறாங்க. நாங்க காதத் தொறந்து வச்சிருக்கோம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். ஸ்கூட்டரில் வீடு வரும் வரை உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் வந்தால் உன் பக்கம் என்று அர்த்தம்.

நான் சட்டென்று உற்சாகப்படுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ முதல் வகுப்பில் தேறியபோதுகூட மதிப்பெண் பட்டியலில் கூட்டல் சரியா என்று பார்த்தவள் நான். இன்றைக்கு எனக்குக் கை பரபரக்கிறது. சாயங்காலம் வந்தவள் இன்னும் புடவைகூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மெயிலில் எழுதலாமே என்பாய். இதை அவசரமாக எழுதக் கூடாது. அதோடு, ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் புது விஷயத்தைச் சொல்ல முடியாது.

சோப்புக் கடை தொடங்கிய புதிதில் உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, கல்லா மேஜைக்கு அடியில் காமிக்ஸோடு படுத்துக்கொள்வாய். ஒருநாள் இரண்டு பேருக்குச் சோப்பு காட்டி அனுப்பிவிட்டு நான் பின்கட்டில் எண்ணெய் அளந்துகொண்டிருந்தபோது ஓடி வந்து, "ம்மா, இப்ப வந்த ரெண்டு பேரும் மல்லிகை சோப்ப மோந்து பாத்துட்டு ஃபினாயில் வாசனை அடிக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ஆனா உங்கிட்ட நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாய். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியவர்கள் பேசுவதை ஒளிந்து கேட்பது கேவலமான பழக்கம் என்று சொல்லி உன் காதைத் திருகினேன். அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் உனக்கு இடமில்லை. அந்த மல்லிகை சோப்பை அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போட்டேன். வேதியியலில் எம்.எஸ்சி. படித்த எனக்கு வாசனையைப் பற்றிப் பத்து வயதுப் பையன் சொல்வதா என்ற எண்ணம். மலிவான வாசனைத் திரவியம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து காயும்போது அப்படித்தான் மாறும் என்று பிறகு நானே கண்டுபிடித்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவர்கள் சொன்னது சரி. நீ வந்து சொன்னதும் சரி. திருகப்பட்ட காதுக்கு நான் பதிமூன்று வருஷம் தாமதமாக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையை இந்த மாதக் கடைசியோடு விட்டுவிடுவதாக நான் முடிவு செய்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, புது வேலைக்குப் போகும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். இரண்டு வருஷமாக வியாபாரம் தேய்ந்துகொண்டே வந்தது. உழவர்கரையில் நாம் சோப்பு போடும் ஷெட்டில் காய்ந்த கட்டிகள் அடுக்கடுக்காகத் தேங்கி நின்றன. பெரிய கடைகள் வந்துவிட்டன, பளபளப்பான டப்பாவில் வருகிற சோப்புக்கு முன்னால் காக்கித் தாளில் சுற்றிய நம் சோப்பு நிற்காது என்று நானே காரணமும் கற்பித்துக்கொண்டேன். கடை வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம் சொல்தா ஐயா, "ஒங்க இஷ்டம் மதாம், சாவிய ஒண்ணாந் தேதி குடுத்துடுங்க" என்றார். அதைக் கேட்ட வசந்தா மட்டும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கனகசெட்டிக்குளத்திலிருந்து பத்து வருஷமாக பஸ் பிடித்து வந்து அந்தக் கடையில் நிற்கிறவள் அவள். கடை போனால் அவள் திரும்பவும் மீன் கூடையைத் தூக்க வேண்டும். "எனக்கென்னக்கா, கூட தலைக்குப் பழகுனதுதான்" என்று ஒருமுறை சொன்னாள்.

நீ போவதற்கு முந்தின நாள் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனாயே, இன்டர்நெட்டில் எங்கே 'நுரை' என்று நம் கடைப் பெயர் வந்தாலும் எனக்கு மெயில் வரும் என்று. வந்தது. தினமும் வந்தது. கடல் நுரையைப் பற்றி ஒருவர் எழுதிய கவிதை வந்தது. சிறுநீரில் நுரை வந்தால் என்ன வியாதி என்று ஒரு டாக்டர் எழுதியது வந்தது. துணி துவைக்கும் மெஷினில் நுரை வழிகிறது என்று ஓர் அம்மாள் புலம்பியது வந்தது. நம் கடை மட்டும் வரவேயில்லை. உன் அப்பாவிடம், "பாத்தீங்களா, நம்மளப் பத்தி உலகத்துல யாரும் பேசல. இதக் கண்டுபிடிக்க ஒரு மெஷினு" என்றேன். எனக்கு அதில் ஒரு குரூரமான திருப்திகூட இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். வழக்கம்போல ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ஊரே படுத்துவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பரிசோதனையில் விடை வரவில்லை என்றால், பொருளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, சேர்த்த மருந்து சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் கடைக்கு வந்துபோகிற வெளியூர்க்காரன் கடைப் பெயரைக் கவனிப்பானா? போர்டே எண்ணெய்ப் பிசுக்கில் பாதி மறைந்திருக்கிறது. அவன் எதைச் சொல்வான்? சோப்பு என்பான். பாண்டிச்சேரி என்பான். நீலக் கதவு என்பான். அந்தச் சொற்களைத் தேடும்படி மாற்றினேன். பழைய பதிவுகளையும் தேடச் சொன்னேன். அருள், பதினொன்று வந்தன. பதினொன்று! நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு பெண் தன் வலைப்பூவில், எலுமிச்சம்புல் சோப்பைக் கைப்பையில் வைத்ததால் ஒரு மாதம் பணமெல்லாம் மணந்தது என்று எழுதியிருக்கிறாள். சோப்பு போடுகிற அம்மாள் சிரிக்கவே மாட்டாள், ஆனால் சோப்பில் பொய் சொல்ல மாட்டாள் என்று இன்னொருவர். இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. சாயங்காலத்திலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் சமீபத்தில் எழுதப்பட்ட ஏழும் வேறு மாதிரி. போனோம், மூடியிருந்தது. இரண்டு முறை போனோம், மூடியிருந்தது. ஒருவர் படமே போட்டிருந்தார்: நம் நீலக் கதவு, படியில் வேப்பஞ்சருகு, கீழே ஒரு வரி, 'இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது போலிருக்கிறது.' பயணம் போகிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் ஒரு தளத்தில் சென்னைப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட முந்நூறு சோப்பு வேண்டும், அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா? அதற்குக் கீழே ஒருவர், கடை போய்விட்டது என்று பதில் சொல்லியிருந்தார். நான் உயிரோடு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மோர் குடித்துக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டு பத்து. அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தில் கதவின் நிழல் ஒரு சாண்கூட இல்லை. உச்சி வெயிலில் எடுத்த படம். இந்த ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை இருக்காது என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால் எந்தக் கடையும் அதை எழுதித் தொங்கவிடுவதில்லை. நானும் தொங்கவிடவில்லை. சருகைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பதும் நாலு மணிக்குத்தான். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வருகிறவன் ஊருக்குள் நுழைவதே பன்னிரண்டுக்கு. பாதிப் பேர் நாலு மணிக்குத் திரும்புகாலில் நிற்பார்கள். அவர்கள் நம் தெருவில் நடக்கிற அந்த மூன்று மணி நேரம்தான் நான் வீட்டில் படுத்திருக்கிற மூன்று மணி நேரம்.

ஆனாலும் திரையில் படித்ததை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்தெட்டு வயதில், கொளுத்துகிற வெயிலில், என் கடையை நானே ஒளிந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் மூன்று கூட்டம் வந்தது. முதலில் வந்த பெண்கள் கதவைத் தட்டிப் பார்த்து, "பாவம்ப்பா, மூடிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். இரண்டாவதாக ஒரு குடும்பம். அவர்களையும் விட்டுவிட்டேன். மூன்றாவதாக ஒரு புருஷனும் பெண்சாதியும். அவள் கதவுச் சந்தில் மூக்கை வைத்து, "உள்ள வாசனை வருதுங்க" என்றாள். அவன், "சொன்னேன்ல, நெட்லயே போட்டிருந்தான், க்ளோஸ்னு. நீதான் கேக்கல" என்றான். மூடிய கதவில் மூக்கை வைத்து நிற்கிற அவளைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. தெருவைக் கடந்து போனேன்.

"கடை இருக்கு. மூடல" என்றேன்.

"நீங்க யாரு மேடம்?"

"நான்தான் சோப்பு போடுறவ."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிரிக்காத அம்மாள் என்று படித்திருப்பானோ என்னவோ. நான் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமில்லை. "வசந்தா, நான்தான்" என்று குரல் கொடுத்தபிறகு தாழ்ப்பாள் விலகியது. தலை கலைந்து, தரைப் பாயின் கோடுகள் கன்னத்தில் பதிந்து வசந்தா நின்றாள். அவள் ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் பற்றாது என்பதால் மத்தியானம் கடைக்குள்ளேயே சாப்பிட்டுப் படுப்பாள்.

அவர்கள் பன்னிரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போனபிறகு வசந்தாவிடம், "இப்படி மத்தியானத்துல யாராச்சும் வந்து தட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"தட்டாம? சனி ஞாயிறுல தூங்கவே முடியாதுக்கா."

"எவ்ளோ நாளா?"

"அது இருக்கும் ரெண்டு வருசம். மொதல்ல ஃபேன் சத்தத்துல தெரியாது. இப்பல்லாம் கதவ ஒடச்சிடுவாங்க போல."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதானக்கா நாலு மணிக்கு முன்ன தொறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க எப்பக் கேட்டீங்க, நாஞ் சொல்ல?"

அருள், உலகம் முழுவதையும் துழாவுகிற ஒரு கருவி பதினொரு பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டியது. அதில் இருந்த செய்தி இரண்டு வருஷமாக என் கடைக்குள், பாயில் படுத்திருந்தது. கருவி இல்லாவிட்டால் நான் வசந்தாவைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை. அதனால்தான் உன் வேலையைப் பற்றிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று சொல்கிறேன். உன்னிடம் வருகிற கம்பெனிக்காரர்களுக்கு நீ திரட்டிக் கொடுக்கிற காகிதங்களோடு, உங்கள் கதவுக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள், அவர்களை எப்போதாவது கேட்டீர்களா என்றும் கேள். அதற்கு அவர்கள் உனக்குத் தனியாகச் சம்பளம் தர மாட்டார்கள். ஆனாலும் கேள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்யாணப் பெண்ணின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வசந்தா கடையிலேயே யோசனை சொல்லி அனுப்பியிருந்தாள்: "நீங்கன்னு சொல்லாதீங்கக்கா. வந்துட்டுப் போனவங்க மாதிரி எழுதிடுங்க. அப்பத்தான் நம்புவாங்க." நான் அப்படியேதான் எழுதினேன். பொய்ப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டு, போன மாதம் போனேன், கடை திறந்திருந்தது, சோப்பு அருமை என்று. உன் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு, போட்டுடு" என்றார்.

"பொய்ங்க."

"ஏன், சோப்பு நல்லா இல்லையா?"

"சோப்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எது பொய்?"

"நான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு காபி போடப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் நன்றாகத்தான் வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அழித்தேன். திரும்ப எழுதினேன்: 'சோப்பு போடுகிறவள் நான்தான். கடை மூடப்படவில்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறப்பது எங்கள் ஊர் வழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெயிலில் வந்து திரும்பிப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளை சனிக்கிழமை முதல் மத்தியானமும் திறந்திருக்கும்.' கீழே என் பெயரைப் போட்டேன். முன்பின் தெரியாத இத்தனை பேர் முன்னால் நான் தப்பு செய்தேன் என்று எழுதியது இதுதான் முதல்முறை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதில் எது சரி, எது தப்பு என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. கேட்டபிறகு பதில் பேசினால், நான் யார் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. உன் ஆபீசில் எப்போதாவது வேறு ஆள் போல எழுதச் சொன்னால், உன் அம்மாவும் அந்த இடத்தில் ஒரு காபி நேரம் தடுமாறினாள் என்பதை நினைத்துக்கொள்.

நாளை என்ன ஆகும் என்று தெரியாது. ஒருநாள் கால் மணி நேரத்தில் மூன்று கூட்டம் வந்ததை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. விடுமுறை நாள் என்பதால் வந்திருக்கலாம். வீட்டுக்காரரிடம் இன்னும் பேசவில்லை. பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். வசந்தாவும் நானும் முறை வைத்துச் சாப்பிட்டு, முறை வைத்து நிற்பதாக ஏற்பாடு. "தூங்கலன்னா எனக்குக் கோவம் வரும்க்கா, வர்றவங்கள நீங்களே பாத்துக்குங்க" என்று எச்சரித்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை நாளை சாயங்காலம்தான் தபாலில் போடப் போகிறேன். நடந்ததை அப்படியே எழுதிச் சேர்க்கிறேன்.

சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

காலையிலேயே படியைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். அட்டையில் 'மத்தியானமும் உண்டு' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வசந்தா கதவில் கட்டினாள். ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை ஒரு ஆளும் இல்லை. வசந்தா என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஐம்பதுக்கு நாலு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு உட்கார நேரமில்லை. நாலு மணிக்குள் இருபத்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள், பத்தொன்பது பேர் வாங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் நானே, எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர்கூட நான் எழுதியதைப் படிக்கவில்லை. கதவு திறந்திருந்தது, வந்தோம் என்றார்கள். கல்யாணப் பெண்ணிடமிருந்து இதுவரை பதில் இல்லை. எலுமிச்சம்புல் சோப்பு தீர்ந்துவிட்டது.

நாலரை மணிக்கு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கடையை விடவில்லை என்று சொன்னேன்.

"என்னா மதாம் இப்பிடிச் சொல்றீங்க? செல்போன் கடைக்காரர் ஒருத்தரு நாளைக்கு ரெண்டு மணிக்கு எடம் பாக்க வர்றாரு. நீங்க இல்லாத நேரமாப் பாத்துதான் வரச் சொன்னேன்."

"வரட்டும். வசந்தாவும் நானும் கடையில இருப்போம். ஆள் கூட்டம் இருக்கும், அவரால எடத்தப் பாக்க முடியாது."

"ரெண்டு மணிக்கா?"

"ரெண்டு மணிக்கு."

"படுக்க மாட்டீங்களா மதாம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். மாட்டோம் என்றேன். "அப்ப அவர வர வேணாம்னு சொல்லிடுறேன்" என்று போனை வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வசந்தா காலிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "ஷெட்டுல காய்ஞ்சது எவ்ளோக்கா இருக்கு?" என்றாள்.

அம்மா